கொப்பியில் நான் கூடுதலாக எழுதிய வரி

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகள் என்றால் நர்ஸ்மார்தான். இந்த வயதில் எனக்கு நாற்பதுக்குக் கீழே எல்லோரும் பிள்ளைகள். குறைமாதக் குழந்தைகளின் காதைச் சோதிக்க வார்டுக்குப் புது மிஷின் வந்திருக்கிறதாம். அதற்கு ஒரு சின்ன விழா, விழாவுக்கு ஒரு மலர். "அந்தக் காலத்துல மிஷின் இல்லாம எப்படிப் பாத்தீங்கன்னு நாலு நல்ல வார்த்த எழுதிக் குடுங்க மிஸ்" என்றார்கள். எழுத வைப்பதற்காகக் கையோடு கூட்டிக்கொண்டு போய் மிஷினையும் காட்டினார்கள்.

தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் காதில் பட்டாணி அளவு தக்கை ஒன்றைச் செருகினாள் ஒருத்தி. மறு காதிலும் செருகினாள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் பச்சை எழுத்தில் 'பாஸ்' என்று வந்துவிட்டது.

"அவ்வளவுதான் மிஸ். முடிஞ்சிருச்சு."

"பிறகு?"

"பிறகு என்ன மிஸ்? பாஸ்."

"இந்தப் பிள்ளைக்கு எத்தனை நாள் ஊசி போட்டீங்க? அடுத்த தவணை எப்ப?"

அவள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். கிழவி வந்த வேலையைப் பார்க்காமல் கேள்வி கேட்கிறாளே என்று நினைத்திருப்பாள். தவணை கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்கும் யாரோ சொல்லித்தான் இருப்பார்கள். ஆனால் 'பாஸ்' என்ற எழுத்தைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் வந்த நிம்மதி எனக்குப் பழக்கமான நிம்மதி. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் வைத்த பால் இரண்டு தடவை பொங்கி வழிந்துவிட்டது. நல்ல வார்த்தை நாலு எழுதலாம் என்று உட்கார்ந்தால் கை வேறு எதையோ எழுதப் போகிறது. போகட்டும், எழுதிவிடுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

நான் நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மாவுக்கு மலையில் கொழுந்து பறிக்கிற வேலை. மாதா கோயில் சுவாமியார் பிடிவாதம் பிடித்ததால் படித்தேன். அதே பிடிவாதத்தில் நர்ஸிங் பயிற்சிக்கும் போனேன். கண்டியில் பயிற்சி எடுத்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கால் வீங்கியது, சிங்களம் படித்தேன், கட்டில் விரிப்பை மடிக்கப் படித்தேன். எழுபதுகளின் நடுவில் மலைநாட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். தோட்டத்து நோயாளிகளின் பேச்சு புரியும் என்பதால் குழந்தைகள் வார்டில் போட்டார்கள். அங்கேதான் டொக்டரம்மா இருந்தார்.

பெயர் எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. யாழ்ப்பாணத்துக்காரர், குழந்தை வைத்தியர். ஒல்லியான மனுஷி, ரப்பர் செருப்புப் போட்டுத்தான் நடப்பார், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. யாராவது தப்புச் செய்தால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருப்பார். திட்டினால் வாங்கிக்கொண்டு போய்விடலாம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் நாங்கள் பயந்தோம்.

மிஷின் இல்லாத காலத்தில் காதைப் பார்ப்பது இப்படித்தான். செவ்வாய்க்கிழமை காலையில் விரிப்புகள் அடுக்கி வைக்கும் அறையைக் காலி செய்வோம். அதன் சுவர்தான் தடிப்பு. டொக்டரம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போடுவார். பிறகு எங்களைச் சோதிப்பார். வளையல் கூடாது. கஞ்சி போட்டு மொடமொடக்கிற உடுப்புக் கூடாது. பவுடர் கூடாது. ஒரு தடவை நான் தலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போய்விட்டேன். "உம்மட பூவை மணந்து திரும்புற பிள்ளைக்குக் காது கேக்குது எண்டு எழுதுறதோ?" என்றார். அன்றைக்கு எடுத்து எறிந்த பூவை மறுபடி வார்டுக்குள் நான் வைத்ததே இல்லை.

பிள்ளையைத் தாயின் மடியில் உட்கார வைக்க வேண்டும். முன்னால் ஒருத்தி மண்டியிட்டுச் சிவப்பு நூல் பந்தைக் காட்டி அதன் கண்ணை இழுக்க வேண்டும். பந்தை அவள் உள்ளங்கையால் மூடியதும், பின்னால் நிற்கிறவள் காதுக்கு நேராக, ஒரு கெஜத் தூரத்தில், நிழல் விழாமல், மூச்சுக் காற்றுப் படாமல் சத்தம் கொடுக்க வேண்டும். பீங்கான் கோப்பையின் விளிம்பில் கரண்டியைத் தடவுவது, தட்டக் கூடாது. பிஸ்கட் பெட்டிக்குள் வரும் மெல்லிய தாளைக் கசக்குவது. அரிசி நாலு போட்ட கிலுகிலுப்பை. வாயால் 'ஸ்' என்று ஒரு சத்தம், அடித் தொண்டையால் 'ஊ' என்று ஒரு சத்தம். பிள்ளை தானாகத் திரும்ப வேண்டும். ஒரு பக்கம் இரண்டு தடவை, மறு பக்கம் இரண்டு தடவை. மழை பிடித்தால் சோதனையே கிடையாது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பெரியவர்களுக்கே ஒன்றும் கேட்காது. எங்கள் ஊரில் மழை எப்போது விட்டிருக்கிறது? விடிய முன்னே வந்த தாய்மார் பிள்ளைகளை ஏந்திக்கொண்டு வராந்தாவில் மழை ஓயக் காத்திருப்பார்கள்.

இரண்டு விஷயத்தில் அவர் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒன்று, குறைமாதப் பிள்ளையின் வயதை எண்ணுவது. "பிறந்த நாளிலயிருந்து எண்ணாதையும். பிறந்திருக்க வேண்டிய நாளிலயிருந்து எண்ணும்" என்பார். இரண்டு மாதம் முந்திப் பிறந்தது மற்றப் பிள்ளைகளைப் போல ஆறாம் மாதத்தில் திரும்பவில்லை என்று தாயைக் கலங்கடிக்கக் கூடாது. மற்றது, கிருமிக்காக நாள்கணக்கில் ஊசி ஏற்றிய பிள்ளையும் காமாலை முற்றிய பிள்ளையும் இரண்டு வயது வரைக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தே ஆக வேண்டும். எத்தனை தடவை நன்றாகத் திரும்பினாலும் வர வேண்டும். "இந்த ஊசி உயிரைத் தரும். சில பிள்ளையளின்ர காதைப் பிறகு வாங்கிப் போடும். எப்ப எண்டு சொல்லாது" என்றார். எனக்கு அது புரிந்தது. புரிந்துதான் செய்தேன் என்பதால்தான் இன்றைக்கும் உறுத்துகிறது.

லெட்சுமி பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டத்துக்காரி. எழுபத்தொன்பதில் ஏழாம் மாதமே வலி எடுத்துத் தோட்டத்து லொறியில் கொண்டுவந்து போட்டார்கள். அதற்கு முந்தி இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். இது மூன்றாவது, பெண், மூன்று இறாத்தலுக்கும் குறைவு. பஞ்சில் சுற்றி, சுடுதண்ணீர்ப் போத்தல் இரண்டு பக்கமும் வைத்து, தாய்ப்பாலைக் கறந்து சொட்டுச் சொட்டாக விட்டு வளர்த்தோம். காமாலை வந்தது. அது தணிய முந்திக் கிருமி பிடித்தது. இரண்டு கிழமை ஊசி. ஒரு விரல் மொத்தம்கூட இல்லாத தொடையில் நான்தான் குத்தினேன். குத்தும்போதெல்லாம் லெட்சுமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பிழைத்துவிட்டது. வசந்தி என்று பெயர் வைத்து, இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினோம். அன்றைக்கு வார்டில் எல்லோருக்கும் அவள் புருஷன் பெருமாள் டொபி மிட்டாய் வாங்கிக் கொடுத்தான்.

தவணைக்குத் தவறாமல் வந்தாள். பிள்ளைக்குக் கணக்குப்படி ஏழு மாதம் ஆனபோது ஒரு செவ்வாய்க்கிழமை. டொக்டரம்மா தகப்பனாருக்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போயிருந்தார். அன்றைக்கு நல்ல மழை. விடிய நாலு மணிக்கு லயத்தை விட்டு இறங்கியவள், மத்தியானம் ஒரு மணி வரை வராந்தாவில் நனைந்த சேலையோடு குந்தியிருந்தாள். ஒரு மணிக்கு மழை விட்டது. அட்டெண்டன் மெனிக்கே முன்னால் பந்தைக் காட்ட, நான் பின்னால் நின்றேன். வசந்தி எல்லாவற்றுக்கும் திரும்பினாள். 'ஸ்' என்று நான் முடிக்கும் முன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மெனிக்கே சந்தோஷத்தில் கை தட்டிவிட்டாள்.

லெட்சுமி கொப்பியை நீட்டினாள். அந்தக் காலத்தில் கிளினிக் அட்டை கிடையாது. பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றைத் தாய்மாரே வாங்கி வருவார்கள், அதில் எழுதிக் கொடுப்போம்.

"இன்னும் எத்தன தடவ வரணும் மிஸ்ஸி?"

"ரெண்டு வயசு வரைக்கும்."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "நல்லாத்தான கேக்குது? பெரட்டுக்கு முந்திப் போயித் துண்டுக்கு நிக்கணும் மிஸ்ஸி. டிஸ்பென்சர் ஐயா, புள்ளைக்கு என்னங்கிறாரு. ஒண்ணுமில்லங்க, காது பாக்கன்னா, ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு வேற வேல இல்லியான்னு சிரிக்கிறாரு. கங்காணி ஒரு பக்கம் ஏசுறாரு."

பெரட்டு என்பது விடிகாலையில் வேலைக்குப் பேர் எடுப்பது. துண்டு என்பது, வேலைக்கு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு வரத் தோட்டத்து டிஸ்பென்சர் எழுதித் தரும் சீட்டு. தோட்டத்து ஆட்களுக்கு அவர்தான் டொக்டர். அவர் கை அசையாமல் ஒருவரும் தோட்டத்தை விட்டு ஆஸ்பத்திரிக்கு இறங்க முடியாது. எனக்குத் தெரியாததா? என் அம்மா அந்த ஜன்னலடியில் தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தவள் நான். டொக்டரம்மாவுக்குப் பெரட்டு என்ன, துண்டு என்ன என்று தெரியுமா என்று எனக்குள்ளே ஒரு திமிர் இருந்தது. எங்கள் சனத்தின் கஷ்டம் எனக்குத்தானே தெரியும் என்ற திமிர். 'இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது' என்று எழுதித் தேதி போட்டேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அதற்குக் கீழே, 'இனி வரத் தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

லெட்சுமி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. ஒரு பெண்ணுக்கு நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததுகூடப் பெரிதில்லை, அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிது. மூன்று மாதம் கழித்து டொக்டரம்மா பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு, "அந்த வசந்தி எண்ட பிள்ளை எங்க?" என்று கேட்டார். "வரல டொக்டர்" என்றேன். அது பொய் இல்லை. தோட்டத்திலிருந்து தவணைக்கு வராமல் போவது வழக்கம்தான். "தபால் ஒண்டு போடும்" என்றார். தபால் அட்டையை எடுத்தேன். விலாசமும் எழுதினேன். ஏன் வரவில்லை என்று எப்படிக் கேட்பது? வர வேண்டாம் என்று என் கையெழுத்தே அங்கே இருக்கிறதே. அந்த அட்டை என் லாச்சியிலேயே கிடந்தது. அடுத்த தடவை கேட்டபோது "போட்டேன் டொக்டர், பதில் இல்ல" என்றேன். இது பொய்.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை கிளினிக் முடிகிற நேரம், வாயில் சேலைத் தலைப்பை அடக்கிக்கொண்டு ஒருத்தி பிள்ளையோடு வந்து நின்றாள். தலைப்பில் இரத்தம். பல் கிளினிக் மற்றப் பக்கம் என்று கை காட்டினேன். தலையை ஆட்டினாள். தலைப்பை எடுத்தபோதுதான் லெட்சுமி என்று தெரிந்தது. கன்னத்துக்குள் பஞ்சை அடக்கி வைத்திருந்தாள்.

"பல்ல புடுங்கிட்டேன் மிஸ்ஸி" என்றாள் கொழகொழவென்று. "டிஸ்பென்சர் ஐயா துண்டு குடுக்க மாட்டேன்னுட்டாரு. நாலு தடவ கேட்டேன். காதுக்கு வர வேணாம்னு ஆஸ்பத்திரிலயே எழுதியிருக்கு, புள்ளைக்கு அழுத்தம், ரெண்டு போடுன்னாரு. அதான் பல்லு வலின்னு துண்டு வாங்கினேன். புடுங்கினதுக்கு சீல் வச்ச காயிதம் காட்டணும். அதான் புடுங்கிட்டேன்."

"பல்லு வலிச்சதா?"

"இல்ல மிஸ்ஸி. நல்ல பல்லுதான். கூப்புட்டா திரும்ப மாட்டேங்குது புள்ள. ஒரு வார்த்த பேச மாட்டேங்குது. எனக்கென்னமோ கேக்கலன்னு தோணுது. நீங்க பாருங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்பார்கள். இங்கே பூசாரி கையில் ஆயுதத்தைக் கொடுத்ததே நான்தான்.

டொக்டரம்மா கடிகாரத்தை மறுபடி கழற்றினார். வசந்தியைத் தாயின் மடியில் வைத்தோம். இரண்டரை வயதுக்கு நல்ல வளர்த்தி. கண்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பார்த்துத் தாவின. பாவாடையை ஒதுக்கியபோது கெண்டைக்காலில் குறுக்கே ஒரு நீளத் தழும்பு, ஆறி அதிக நாள் இல்லை. நான் பின்னால் போய் நின்றேன். கோப்பை. தாள். கிலுகிலுப்பை. 'ஸ்.' ஒன்றுக்கும் திரும்பவில்லை. 'ஊ' என்று அடித் தொண்டையால் கொடுத்தபோது ஒரு கணம் அசைந்த மாதிரி இருந்தது. டொக்டரம்மா தானே வந்து இன்னும் பலமாகக் கொடுத்தார், திரும்பினாள். வேறு எதற்கும் இல்லை. மெனிக்கே பந்தை மூடிய கையைத் திறக்காமலே அழுதாள்.

"கொப்பியைத் தாரும்" என்றார் டொக்டரம்மா. புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது உம்முடைய எழுத்தோ?"

"ஆமாங்க டொக்டர்."

"தபால் போட்டனீர் எண்டது?"

"போடல டொக்டர்."

கொப்பியை என் பக்கம் நீட்டினார். நான் கொப்பியை வாங்கி, அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். அப்படி ஒரு புத்தி. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "கிழிக்காதையும். அண்டைக்குக் கேட்டது உண்மை. அது இந்தப் பிள்ளையின்ர விஷயம், அடுத்த வைத்தியருக்குத் தெரிய வேணும். கீழ இருக்கிற வரிதான் உம்முடையது."

நான் லெட்சுமியிடம் சொல்ல வேண்டியிருந்தது. "லெட்சுமி, பிள்ளைக்குக் காது கேக்கல. பிறந்தப்போ கேட்டுச்சு. பிறகு போயிருச்சு. நீ சொன்னதுதான் சரி" என்றேன். அவள் அழவில்லை. பிள்ளையின் காலைப் பிடித்து அந்தத் தழும்பை விரலால் தடவினாள்.

"கூப்புட்டேன் மிஸ்ஸி. அடுப்புக் கிட்ட போவுது, வாடீன்னு கூப்புட்டேன், திரும்பியே பாக்கல. கேக்குதுன்னு எழுதியிருந்தீங்களே. கேட்டும் திரும்பாம நிக்கிதேன்னு கோவம் வந்திருச்சு. மிலாத்தால போட்டேன்."

மிலாறு என்பது கவ்வாத்து வெட்டிய தேயிலைச் சுள்ளி, லயங்களில் அடுப்பு எரிக்க வைத்திருப்பது. அதன் கூரான கணு எப்படிக் கிழிக்கும் என்று எனக்குத் தெரியும். என்னை நாலு பேர் முன்னால் அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. தன்னைத் தானே குறை சொல்லிக்கொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டொக்டரம்மா மேலிடத்துக்கு என்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதைவிடப் பெரிய தண்டனை கொடுத்தார். "நீர் அந்தத் தோட்டத்துக்குப் போம். அந்த டிஸ்பென்சருக்கு முன்னால நிண்டு உம்முடைய வாயால சொல்லும்." போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் ஏற்றம். டிஸ்பென்சர் நல்ல வயசாளி, என்னை உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆஸ்பத்திரி எழுத்த மீறி நான் எப்படிம்மா துண்டு குடுக்கிறது? நாளைக்கு தோட்டத்து துரை கேட்டா நான் என்ன சொல்ல?"

"உங்க மேல தப்பில்லங்க. நான்தான் எழுதினேன்."

"நல்ல பல்ல புடுங்கிருச்சாம்மா அந்தப் பொண்ணு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் பிள்ளை காதுக்கு என்று துண்டு கேட்டு யாரும் வெறுங்கையோடு திரும்பியதாக நான் கேள்விப்படவில்லை. அந்த மனுஷரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அது மட்டுமில்லை. ஊசி போட்டு அனுப்பிய பிள்ளைகளில் தவணைக்கு வராமல் நின்ற பிள்ளைகளின் பெயர்களை டொக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். லீவு நாட்களில் நான் அவர்களைத் தேடிப் போனேன். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு லயம், நோர்வூட்டில் என் சொந்தத் தோட்டத்துக்கு அடுத்த டிவிஷன், எங்கெங்கோ. கோப்பையும் கரண்டியும் பையில் இருக்கும். லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் சத்தமில்லாத இடம் ஏது? பிள்ளைகளை வெளியே துரத்தி, கோழியைத் துரத்தி, ரேடியோவை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சி, மழை விடக் காத்திருந்து பார்ப்பேன். கரண்டியைத் தடவிவிட்டுப் பிள்ளையின் தலையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் திரும்பின. ஒரு பையன் திரும்பவில்லை. அவனுக்கு ஒரு வயதுகூட ஆகியிருக்கவில்லை, நேரத்தோடு கிடைத்தான். அவனைப் பற்றி நினைக்கும்போதும் எனக்கு நிம்மதி வருவதில்லை; வசந்தியைத் தொலைத்ததால்தானே அவனைத் தேடிப் போனேன் என்று மனம் கணக்குப் பார்க்கிறது.

வசந்தியைக் கொழும்புக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், மூன்று தடவை. காது மிஷின் கையில் வர அவளுக்கு மூன்றரை வயது தாண்டிவிட்டது. தீப்பெட்டி இரண்டை ஒன்றாகக் கட்டினால் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகும். லெட்சுமி சட்டையின் நெஞ்சில் அதற்கென்று ஒரு பை தைத்தாள். மழையில் நனையாமல் இருக்க அதன் மேல் பொலித்தீன் சுற்றினாள். முதல் நாள் மாட்டியபோது வசந்தி வயரைப் பிடுங்கி எறிந்தாள். ஒரு மாதம் கழித்து, மாட்டாமல் விட்டால் தானே கொண்டுவந்து நீட்டினாள். வார்த்தைகள் மெதுவாக வந்தன, ஒவ்வொன்றும் படியேறி வருவது மாதிரி. மூக்கால் பேசுவாள், பாதி எழுத்து விழுந்துவிடும், முகத்தைப் பார்த்தால்தான் அவளுக்குப் பிடிபடும். ஒரு வயதில் கொடுத்திருந்தால் எப்படிப் பேசியிருப்பாள் என்று டொக்டரம்மா ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

அவளுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. கிளினிக் நாள், வராந்தா நிறைய ஆட்கள். லெட்சுமி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"மிஸ்ஸி, ஒரு ஒதவி. புள்ளைக்கு இப்ப கேள்வி கேக்கத் தெரிஞ்சிருச்சு. கால காட்டி, இது என்ன, இது என்னன்னு கேக்குது. நீ விழுந்திட்டன்னு சொன்னேன். நம்ப மாட்டேங்குது. அந்த மிலாத்த அடையாளம் வச்சிருக்கு மிஸ்ஸி. அடுப்புக்கு மிலாறு ஒடைச்சா எந்திரிச்சு வெளிய போயிருது. எனக்குச் சொல்ல வாய் வரல. நீங்க சொல்லுங்க."

நான் என்ன சொல்ல? அதுவரைக்கும் எத்தனையோ தாய்மாருக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் பழக்கம் இல்லை. வசந்தியை வராந்தா வாங்குப் பலகையில் உட்கார வைத்து, என் வாய் தெரியும்படி அவளுக்கு முன்னால் மண்டியிட்டேன்.

"அம்மா மேல தப்பில்ல" என்றேன். "மிஸ்ஸிதான் தப்பு. மிஸ்ஸி தப்பா எழுதிட்டேன். ஒனக்குக் கேக்குதுன்னு அம்மா நெனச்சிருச்சு. அதனாலதான் அடிச்சிச்சு."

அவள் என் வாயையே பார்த்தாள். "திருப்பி" என்றாள். பிடிபடாவிட்டால் அப்படிச் சொல்லப் பழக்கியிருந்தோம்.

இன்னும் மெதுவாகச் சொன்னேன். "திருப்பி" என்றாள் மறுபடி, பெட்டியில் சத்தம் கூட்டுகிற திருகை விரலால் சுற்றிக்கொண்டு. வராந்தாவில் பேச்சு நின்றுவிட்டது. மூன்றாவது தடவை, மெனிக்கேயும் டொக்டரம்மாவும் வாங்கிலிருந்த அத்தனை தாய்மாரும் கேட்கும்படி உரத்துச் சொன்னேன். மிஸ்ஸிதான் தப்பு. மிஸ்ஸி தப்பா எழுதிட்டேன்.

வசந்தி என் வாயிலிருந்து கண்ணை எடுத்தாள். தாயின் பக்கம் திரும்பினாள். "அம்மா இனிமே அடிக்காதா?" என்று கேட்டாள்.

லெட்சுமி அவளை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டு, மாட்டேன், மாட்டேன் என்று அவள் தலைமேல் முகத்தைப் புதைத்து அழுதாள். பிள்ளைக்கு அவள் வாய் தெரியவில்லை. பதில் வரவில்லை என்று நினைத்து உடம்பை விறைத்துக்கொண்டாள். நான் லெட்சுமியின் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். "அவ மொகத்தப் பாத்துச் சொல்லு" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையைத் தன் பக்கம் திருப்பி, இன்னொரு தடவை சொன்னாள்.